நண்பர் ‘பிளான்’ காட்டக் கூப்பிட்டால் என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

நான் இருப்பது மலேசியாவின் பட்டர்வொர்த்தில். பாலம் தாண்டிப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் பதினாறு வருடமாக ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறேன். பல அடுக்கு விற்பனை பிளானோடு வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னைத் தேடி வருவார்கள். ஒருமுறை நானும் சேர்ந்து 3,800 வெள்ளியை (ரிங்கிட்டை) இழந்தேன். அதற்குப் பிறகு, மாட்டிக்கொண்ட பலரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளத் தள்ள நண்பருக்கு நம்பிக்கை ஏறுகிறது. மூன்று மாதம் கழித்து மறுத்தால் ஏமாற்றிவிட்டாய் என்று அவர் நினைக்கிறார். முதல் பத்து நிமிடத்தில் மறுத்திருந்தால் இரண்டு நாள் வருத்தத்தோடு போயிருக்கும். கீழே உள்ள வரிசை அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

1. போன் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

முதலில் வீட்டில் பேசிவிடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தால் மற்றவரைப் பிடிப்பது இவர்களுக்குப் பழகிய வழி. ‘அண்ணி கிட்ட நான் பேசுறேன்’ என்று நேராக வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஐசியை (அடையாள அட்டையை) படம் எடுத்து யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்யுங்கள். மெம்பர் பதிவு இப்போது போனிலேயே முடிகிறது. ஐசி எண்ணும் படமும் கையில் இருந்தால், உங்கள் பெயரைச் சேர்க்க அப்லைனுக்கு, அதாவது பிளானில் மேல் அடுக்கில் இருப்பவருக்கு, சில நிமிடம் போதும். ‘சும்மா ரிஜிஸ்டர் பண்ணி வைக்கிறேன், காசு பிறகு’ என்பார்கள். பிறகு அந்தப் பதிவைக் காட்டியே காசு கேட்பார்கள்.

மூன்றாவது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். 2024 மே மாதம் வந்த ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இது உங்களுக்குத் தெரிந்த அளவு அப்லைனுக்கும் தெரியும். அந்தப் பணம் எதற்கு என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தால், மேசையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.

2. சந்திக்கப் போகும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். ‘மச்சான், எப்டி இருக்க? ஒரு விஷயம் பேசணும். போன்ல சொன்னா புரியாது. நேர்ல பாப்போம்.’ கூடவே, ‘ஒரு அண்ணன் வராரு, பெரிய ஆளு, நீ பாத்தா போதும்.’

போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. போனை நீங்கள் வைத்துவிடலாம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் (பால் டீ) வந்த பிறகு, முன்பின் தெரியாத ஓர் அண்ணன் எதிரே இருக்கும்போது, எழுந்து போக நமக்கு மனம் வராது. மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதையைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அதனால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: ‘கண்டிப்பா பாப்போம். ஒண்ணு மட்டும் சொல்லு, ஏதாவது பிளான்ல சேர்க்கவா, பொருள் விற்கவா?’ குரலில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடலாம். எழுத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் ‘ஆமாம்’ என்றால் அங்கேயே நான்காம் படிக்குப் போங்கள். பதிலே சொல்லாமல் ‘வா, வந்து பாரு’ என்றால் அதையும் ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, தெரிந்துகொண்டே ‘சரி, போய்க் கேட்டுட்டு வருவோம்’ என்று கிளம்புவது. கேட்பதற்கு ஒப்புக்கொண்டாலே பாதி சம்மதம் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்கிறார்.

3. போய் மாட்டிக்கொண்டால்

‘பிறந்தநாள் சாப்பாடு’ என்று கூப்பிட்டு ஹோட்டல் மண்டபத்தில் கொண்டு உட்கார வைப்பதும் நடக்கிறது. சொந்த வண்டியில் போங்கள். அவர் காரில் போனால் அவர் கிளம்பும்போதுதான் நீங்களும் கிளம்ப முடியும். வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். வாசலில் விருந்தினர் படிவம் நீட்டினால் பெயரோடு நிறுத்துங்கள், எண் வேண்டாம்.

மண்டபத்தில் விவாதம் செய்யாதீர்கள். மைக் அவர்களிடம், கைதட்டும் கூட்டமும் அவர்களுடையது. நீங்கள் கேட்கும் நல்ல கேள்விகூட அவர்கள் அழகாகப் பதில் சொல்லிக் காட்ட ஒரு வாய்ப்பாகிவிடும். இடைவேளையில் நண்பரைத் தனியே கூப்பிட்டு நான்காம் படியின் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வண்டி எடுங்கள்.

4. மறுக்கும் வாக்கியம்

நான் பலமுறை மாற்றி மாற்றி, கடைசியில் இதில் நின்றேன்:

‘இந்த மாதிரி பிளான் எதுலயும் நான் சேர்றதில்ல. பொருளும் வாங்குறதில்ல. நீ செய்யுறது உன் முடிவு. வர ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிடுவோம்.’

‘எதிலயும் இல்லை’ என்பது முதலில் வருவதற்குக் காரணம், இந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழக்கூடாது என்பதுதான். ‘பொருளும் வாங்குவதில்லை’ என்பது அடுத்த கதவை முன்கூட்டியே அடைக்கிறது. ‘உன் முடிவு’ என்றால் அவரை நீங்கள் குறை சொல்லவில்லை என்று புரியும். சாப்பாட்டு அழைப்பைத் தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பேச்சில் அவர் பயப்படுவது நட்பு போய்விடுமோ என்றுதான். அதற்கான பதிலை அதே மூச்சில் கொடுத்துவிடுகிறீர்கள்.

வாக்கியத்தில் காரணமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் சொன்னால் அதற்கு மறுபேச்சு அவர்களிடம் தயாராக இருக்கும், அதற்கென்றே பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். காசு இல்லை என்றால், ‘அதனாலதான் இது உனக்குத் தேவை, கார்டுல ஆறு மாசம் பிரிச்சுக் கட்டலாம்’. நேரம் இல்லை என்றால், ‘வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும்’. எனக்கு விற்கத் தெரியாது என்றால், ‘விற்க வேணாம், ரெண்டு பேரைக் காட்டினா போதும்’.

எல்லாவற்றிலும் மோசமானது ‘யோசிச்சுச் சொல்றேன்’. அவர் அதைக் கிட்டத்தட்டச் சம்மதம் என்று அப்லைனிடம் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வாரமும் அப்லைன் அவரைக் கேட்பார், அவர் உங்களைக் கேட்பார். உங்கள் கூச்சத்துக்கு அவர் அங்கே திட்டு வாங்குகிறார்.

இன்னொரு தவறு, தப்பிப்பதற்காக வேறொருவர் எண்ணைக் கொடுப்பது. ‘எனக்கு வேணாம், ஆனா நம்ம சித்தி பையன் வேலை இல்லாம இருக்கான்’ என்று சொல்லி நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத பையன்தான் முதலில் கடன் வாங்குவான்.

5. திரும்பி வரும் மூன்று பேச்சு

‘என்னை நம்பலையா?’ பதில்: ‘உன்னை நம்புறேன். பிளானுக்கு வேணாம்னு சொல்றேன்.’ இரண்டையும் பிரித்துப் பிரித்துச் சொல்லுங்கள், மூன்று முறை ஆனாலும் குரல் உயராமல்.

‘சாகுற வரைக்கும் சம்பளத்துக்கே உழைக்கப் போறியா?’ இது உள்ளே போய்க் குத்தும். இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரியும் நேரத்தில் கேட்டால் இன்னும் குத்தும். பதில் சொல்லவே வேண்டாம். ‘ஆமாடா, இப்போதைக்கு அதுதான்’ என்று விட்டுவிடுங்கள்.

மூன்றாவது என்னை ரொம்பப் பாதித்தது. ‘நம்ம இனம் எப்பதான் முன்னேறுறது? மத்தவங்க எல்லாம் வியாபாரத்துல இருக்காங்க, நம்ம ஆளுங்க மட்டும் பயந்துக்கிட்டே இருக்காங்க.’ தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று சொல்பவருக்குத் தெரியும். நான் பணம் கட்டியது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான். பிறகு பார்த்தால் என் 3,800 வெள்ளி நம் இனத்தில் யாரையும் முன்னேற்றவில்லை. பிறையில் இருக்கும் என் மாமா மகளிடமிருந்து இன்னொரு 2,000 வெள்ளியைத்தான் எடுத்துக்கொண்டு போனது, அவளையும் நானே சேர்த்துவிட்டேன் என்பதால். இந்தப் பேச்சு வந்தால், ‘இனத்தைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம், இந்த மேசையில வேணாம்’ என்று சொல்லுங்கள்.

6. ‘சரி, ஒரு பொருளாவது வாங்கு’

வாங்காதீர்கள். ஒரு டப்பா வாங்கினால் நீங்கள் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலில் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த மாதம் பாயிண்ட் குறையும்போது முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அவருக்கு உதவ ஆசையென்றால் வேறு வழியில் செய்யுங்கள். பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், அவர் மனைவி கேக் செய்து விற்றால் ஆர்டர் கொடுங்கள்.

7. மனம் சாய்ந்துவிட்டால்: சரிபார்க்கும் வரிசை

இதை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நண்பர் எதிரே இருக்கும்போது சரிபார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் கழித்து, தனியாகச் செய்யுங்கள்.

முதல் சோதனை லைசென்ஸ். மலேசியாவில் நேரடி விற்பனைக்கு 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் 500 என்பார்கள். இந்தத் தொழிலுக்கு உள்நாட்டு வாணிப அமைச்சான கேபிடிஎன் கொடுக்கும் லைசென்ஸ் வேண்டும். அதன் எண் ஏஜேஎல் என்று தொடங்கும். கேபிடிஎன் பட்டியலில் அந்த எண்ணையும் கம்பெனி பெயரையும் நீங்களே தேடிப் பாருங்கள்.

இங்கே ஏமாறாதவர்கள் குறைவு. நண்பர் காட்டுவது பெரும்பாலும் எஸ்எஸ்எம் சான்றிதழாக இருக்கும். எஸ்எஸ்எம் என்பது கம்பெனியைப் பதிவு செய்த காகிதம் மட்டும், நாசி லெமாக் விற்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அது கிடைக்கும். நேரடி விற்பனை செய்ய அனுமதி இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. லைசென்ஸ் இருந்தாலும் நீங்கள் லாபம் பார்ப்பீர்கள் என்று எவரும் உறுதி கொடுக்கவில்லை, அது அடுத்த படியின் விஷயம்.

இரண்டாவது, பொருளே இல்லாமல் ‘காசு போடு, காசு வரும்’ என்றால் அதை முதலீடாகப் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. இரண்டிலும் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புதிய திட்டம் பட்டியலுக்கு வர நாளாகும். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று எண் சொன்னாலே எழுந்துவிடுங்கள். பினாங்கிலிருந்து நடந்த ஜேஜேபிடிஆர் என்ற திட்டம் மாதம் 20 சதவீதம் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. 2017-இல் அது சரிந்தது.

மூன்றாவது, உடம்புக்கான பொருளாக இருந்தால் டப்பாவில் எம்ஏஎல் எண் இருக்கிறதா பாருங்கள். அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான என்பிஆர்ஏவில் பதிவானதற்கு அடையாளம். எண் இருந்தாலும், ‘இனிப்பு நீர் போயிடும், கட்டி கரையும், டயாலிசிஸ் வேணாம்’ என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. ஒரு கெஞ்சுதல்: வீட்டுப் பெரியவர்கள் இந்த ஜூஸை நம்பி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம்.

8. ரசீதுக்குப் பின்னால் போடும் கணக்கு

ராஜா ஊடாவில் ஒரு மாமாக் கடை. நண்பன் டேப்லெட்டைத் திறந்து ஒரு வட்டம் போட்டான், அதற்குக் கீழே ஆறு வட்டம். ‘நீ ஆறு பேர், அவங்க ஒவ்வொருத்தரும் ஆறு பேர், அவ்வளவுதான்.’ தே தாரிக்கின் மேல் ஆடை படிந்துவிட்டது. நான் ரசீதைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தேன்.

6. 36. 216. 1,296. 7,776. 46,656. 2,79,936. எட்டாவது அடுக்கு 16,79,616. எட்டையும் கூட்டினால் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. மலேசியாவில் இந்தியர்கள் எல்லாரும் சேர்ந்தே, கைக்குழந்தையையும் எண்ணி, ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். ‘நம்ம இனம்’ எட்டு அடுக்கில் தீர்ந்துவிட்டது. பத்தாவது அடுக்குக்கு மட்டும் 6 கோடிக்கு மேல் ஆள் வேண்டும், நாட்டிலேயே அவ்வளவு பேர் இல்லை. கடைசி அடுக்கில் நிற்பவருக்குக் கீழே சேர்க்க ஆளே கிடையாது. எந்த அடுக்கில் நின்றாலும், உங்கள் கடைசி அடுக்குதான் மற்ற எல்லாரையும்விடப் பெரியது.

இது பிளானின் கணக்கு. உங்கள் சொந்தக் கணக்கு இன்னும் சின்னது, இன்னும் முக்கியம். ‘ஆக்டிவ்’ ஆக இருக்க மாதம் எவ்வளவுக்கு நீங்களே வாங்க வேண்டும் என்று கேளுங்கள். 250 வெள்ளி என்றால் வருடத்துக்கு 3,000. அதோடு பெட்ரோல், பாலத்து டோல், செமினார் டிக்கெட், கோலாலம்பூர் போய் ஹோட்டலில் தங்கும் செலவு, ‘பிராஸ்பெக்ட்’ (நீங்கள் சேர்க்கப் பார்க்கும் ஆள்) குடித்த தே தாரிக். வந்த கமிஷனிலிருந்து இவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் இதைக் கழிப்பதில்லை. கையில் வந்த 400 வெள்ளியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், போன 700 வெள்ளி படத்தில் வராது.

ஒரு கேள்வி மட்டும் நண்பரிடம் கேட்கத் தக்கது: ‘பிளான்ல சேராத ஆள் எத்தனை பேர் இந்தப் பொருளை மாசாமாசம் உன்கிட்ட வாங்குறாங்க?’ வாங்குபவர்கள் எல்லாரும் மெம்பர்களே என்றால், வருமானம் ஆள் சேர்ப்பதிலிருந்துதான் வருகிறது. பிரமிட் என்று சட்டம் தேடுவது அதைத்தான். பிரமிட் திட்டத்துக்கு ஆள் பிடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம் என்று நண்பருக்குத் தெரியுமா என்றும் மெதுவாகக் கேளுங்கள். பலருக்குத் தெரியாது.

9. கேட்பவர் அத்தையாகவோ மேலதிகாரியாகவோ இருந்தால்

பெரியவர்களிடம் அதே வாக்கியம்தான், ‘அத்தை, மன்னிச்சிருங்க’ என்று தொடங்கி. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நாலு பேர் முன்னால் கேட்டால், அங்கே பதில் சொல்லாமல், அன்று இரவே நீங்களாகப் போன் செய்து சொல்லிவிடுங்கள். மேலதிகாரி என்றால் எழுத்தில் மட்டும் பதில். பிறகு வேலையில் ஏதாவது சிக்கல் வந்தால் அது கையில் இருக்கும்.

10. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டால்

வரிசை முக்கியம். முதலில் பெட்டியைத் திறக்காதீர்கள். திறக்காத சரக்கைத் திருப்புவது எளிது, திறந்தால் ‘பயன்படுத்திவிட்டீர்கள்’ என்பார்கள். அடுத்து, மாதாமாதம் கார்டில் தானாகப் போகும் தொகையை வங்கியில் சொல்லி நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் காலம் (மனம் மாறினால் ரத்து செய்ய விடும் காலம்) எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் எழுத்தில் ரத்து செய்யுங்கள். மின்னஞ்சல் கம்பெனிக்குப் போக வேண்டும், அப்லைனிடம் சொன்னால் போதாது. நான் இங்கேதான் கோட்டை விட்டேன். நண்பனிடம் வாயால் சொன்னேன், ‘பாத்துக்கிறேன் மச்சான்’ என்றான், நாள் ஓடிவிட்டது.

கம்பெனி மறுத்தால் கேபிடிஎன்னிடம் புகார் கொடுங்கள். பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டியதில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பேசிய தேதி எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

மோசடி என்று தெரிந்து, பணம் இப்போதுதான் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது என்றால் மேலே உள்ளதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பிடிக்க முடிந்தால்தான் உண்டு. கடன் வாங்கிக் கட்டி இப்போது தவணை நெருக்குகிறது என்றால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். வட்டிக்காரனிடம் போகும் முன் அங்கே போங்கள்.

11. நண்பர் இன்னும் உள்ளே இருக்கும்போது

நீங்கள் மறுத்தாயிற்று, அவர் தொடர்கிறார். இந்தக் காலம் ஒரு வருடம் போகலாம். வாட்ஸ்அப் குரூப்பில் அவரைக் கிழிக்காதீர்கள். எல்லார் முன்னும் தலைகுனிந்தவர் வெளியே வர மாட்டார், இன்னும் உள்ளேதான் போவார். சரக்கு எடுக்கக் கடன் கேட்டால் கொடுக்காதீர்கள், அரிசி பருப்புக்குக் கேட்டால் கொடுங்கள். அப்லைன்கள் ‘எதிர்மறை ஆட்களை’ வெட்டிவிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் அவர் போன் செய்யாவிட்டாலும் தீபாவளிக்கு நீங்கள் போங்கள். போனால் பிளானைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

வெளியே வரும்போது அவராகவே வருவார். என் நண்பன் பதினான்கு மாதம் கழித்து ஓர் இரவு பத்து மணிக்கு மைவி வண்டியின் பின்பக்கம் நிறையப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். எவ்வளவு போச்சு என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள், அது தானாக வரும். கார் போர்ச்சில் விளக்கைப் போட்டு, திறக்காதவை, திறந்தவை, காலாவதியானவை என்று மூன்று குவியலாகப் பிரித்தோம். திறக்காதவை ஒன்பது. என் மனைவி தே ஓ (பாலில்லா டீ) கலக்கிக் கொண்டுவந்தாள். அவன் மெம்பர் ஒப்பந்தத்தைப் போனில் திறந்து, சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதியைத் தேடி வாய்விட்டுப் படித்தான், நான் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் தாளில் எழுதினேன். மின்னஞ்சலை அன்று இரவே அனுப்பிவிட்டோம்.